இல்லாத கூட்டுக்கு வந்த குருவி: சந்திரகிரிப் பக்கம் ஓர் ஏரிக்கரையில்

சித்தூரிலிருந்து காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் திரும்பிவிடக்கூடிய, சின்னப் பிள்ளைகளை உட்காரவைத்து மரம், பறவை, பூச்சி என்று எதையாவது பார்த்து எழுதச் சொல்லக்கூடிய இடம் இருக்கிறதா என்று போன பதிவுக்குக் கீழே ஒருவர் கேட்டிருந்தார். இருக்கிறது, சந்திரகிரிக்குப் பக்கத்தில். நாங்கள் போனது அக்டோபரில் வந்த இரண்டாம் சனிக்கிழமை. எங்கள் சபையின் ஞாயிறு பள்ளியில் சின்ன வகுப்பை நான் பார்த்துக்கொள்கிறேன். (நான் பத்தாம் வகுப்பு. பெரியவர்கள் யாரும் அந்த வகுப்புக்கு முன்வரவில்லை.) பைபிளில் ஒரு முழுச் சங்கீதத்தையும் மூச்சு விடாமல் சொல்கிற அந்தப் பிள்ளைகளுக்கு, ஆலய வாசலில் நிற்பது வேப்பமரமா புங்கமரமா என்று சொல்லத் தெரியவில்லை. அதைக் கண்டுபிடித்த அன்றே இந்தப் பயணத்தை முடிவு செய்துவிட்டேன்.

போனது ஐந்து பேர். என் நைனா (அப்பா), என் தம்பி ஜோயல், வகுப்பிலிருந்து பிரிசில்லா, கெசியா, நான். ஜோயலுக்கு எட்டு வயது, கெசியாவுக்கு ஒன்பது, பிரிசில்லாவுக்குப் பத்து. இன்னும் நான்கு பேரைக் கூப்பிட்டிருந்தோம். மறுநாள் அறுப்பின் பண்டிகை என்பதால் அவர்கள் வீட்டில் அனுப்பவில்லை. நைனாவும் அதையே சொல்லித் தப்பிக்கப் பார்த்தார். ஆலயத்தில் கரும்பும் வாழையும் கட்டுகிற பொறுப்பு அவருடையது. மாலை ஐந்துக்குள் சித்தூரில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு வந்தார்.

அறுப்பின் பண்டிகை தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. அன்று ஒவ்வொரு வீட்டிலிருந்தும் விளைந்ததில் முதலானதைக் கொண்டுவந்து முன்னால் மேசையில் வைப்பார்கள். நிலம் உள்ளவர்கள் நெல், பூசணி, தேங்காய். நிலம் இல்லாதவர்கள் தொட்டியில் முளைத்ததையோ கடையில் வாங்கியதையோ. பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாம் ஏலத்துக்கு வரும். ஒரு எலுமிச்சம்பழம் ஐந்நூறுக்குப் போனதும் உண்டு. சென்ற வருடம் கெசியா கொண்டுவந்த கொத்தமல்லிக் கட்டை யாரும் கேட்கவில்லை. ஏலம் போடுபவர் மூன்று முறை தூக்கிக் காட்டினார். கடைசியில் அவளுடைய அம்மாவே பத்து ரூபாய்க்கு எடுத்துக்கொண்டு போனார். அவர் தையல் வேலை செய்கிறார், வாடகை வீடு, மண் என்று ஒரு தொட்டிதான். அன்றிலிருந்து பிரிசில்லா அவளைக் கூப்பிடுவதே "சொந்தக் கட்டு" என்றுதான்.

சித்தூரிலிருந்து காட்பாடி–திருப்பதி பாசஞ்சரில் ஏறினோம். காலை வண்டிதான் வசதி. நேரத்தை முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள், அடிக்கடி மாற்றுகிறார்கள். சந்திரகிரி சுமார் அறுபது கிலோமீட்டர். பெரியவருக்கு இருபது ரூபாய், ஒன்றரை மணி நேரம். பாகாலாவில் வண்டி கொஞ்சம் நின்றது. அங்கே இட்லி வாங்கலாம், சட்னியை நம்ப முடியாது. இடது பக்க ஜன்னலைப் பிடியுங்கள். வலது பக்கம் காலை வெயில் என்பதால் எல்லோரும் இடது பக்கம்தான் வருவார்கள், ஆகவே சீக்கிரம் பிடியுங்கள்.

வண்டியில் பேச்சு முழுக்க மறுநாளைப் பற்றி. பிரிசில்லா வீட்டில் ஒரு முழு வாழைத்தார். ஜோயலுக்கு எங்கள் வீட்டு முருங்கைக்காய். கெசியா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, தான் கொண்டுவரப் போவதை இதுவரை ஒருத்தரும் மேசையில் வைத்ததில்லை என்றாள்.

"இன்னா அது?" என்றான் ஜோயல்.

"நாளைக்குப் பாரு."

"கொத்தமல்லி ரெண்டு கட்டா?" என்றாள் பிரிசில்லா.

கெசியாவிடம் உண்மையில் அப்போது ஒன்றும் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

சந்திரகிரி ஸ்டேஷனில் ஆட்டோ. முதலில் கோட்டை, அங்கிருந்து ஏரி, பிறகு போன் செய்தால் வந்து பஸ் நிற்கும் இடத்தில் விடுவது, எல்லாம் சேர்த்து நானூறு ரூபாய்க்குப் பேசினோம். ஓட்டுநர் தெலுங்கில் தொடங்கினார், நைனா தமிழில் பதில் சொன்னார், இரண்டாவது கிலோமீட்டரில் அவரும் தமிழுக்கு வந்துவிட்டார். எதற்கு வந்திருக்கிறோம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, "உங்க சித்தூர்ல குருவி இல்லியா சார்?" என்றார். நைனா என்னைக் காட்டி, "இந்தம்மாவைக் கேளுங்க. நான் சும்மா கூட வந்துகினு இருக்கேன்" என்றார்.

கோட்டையின் அரண்மனைக்குள் பெரியவர்களுக்கு நுழைவுச் சீட்டு உண்டு, பிள்ளைகளுக்கு இல்லை. வெள்ளிக்கிழமை மூடியிருக்கும். நாங்கள் உள்ளே அதிகம் சுற்றவில்லை. வெளியே புல்தரையில் ஒரு மரத்தடியில் நோட்டுகளைக் கொடுத்து, பத்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து பார்த்ததை எழுதுங்கள் என்றேன். பிரிசில்லா தெலுங்கு வழியில் படிக்கிறாள், கெசியா ஆங்கில வழி, ஜோயல் தமிழ் வழி. எந்த எழுத்தில் வேண்டுமானாலும் எழுதலாம், எழுத வராவிட்டால் வரையலாம் என்பது என் விதி.

பத்து நிமிடம் கழித்து மூன்று நோட்டையும் வாங்கிப் பார்த்தேன். மூன்றிலும் ஒரே வாக்கியம், மூன்று எழுத்துகளில்: மயில் நமது தேசியப் பறவை. அதன் கீழே மூன்று மயில்கள். நான் சுற்றிப் பார்த்தேன். எங்களுக்கு எதிரே ஒரு காகமும் இரண்டு மைனாக்களும் ஓர் அணிலும் இருந்தன. மயில் எங்கே என்று கேட்டேன். ஜோயலுக்கு என் கேள்வியே விளங்கவில்லை.

"பறவைன்னா மயில்தான்கா எழுதணும். மிஸ்ஸு அதைத்தான் போர்டுல போடுவாங்க."

முதலில் அவன் எழுதியிருக்கிறான், அதைப் பார்த்து மற்ற இருவரும். தப்பாக எழுதி மார்க் போய்விடக் கூடாது என்ற பயம்தான் காரணம். பார்த்து எழுது என்றால் எங்கள் பள்ளிகளில் பலகையைப் பார்த்து எழுது என்றுதான் பொருள். நானும் அப்படித்தான் படித்தேன் என்பதால் கோபப்பட முடியவில்லை. நைனா மட்டும் செய்தித்தாளுக்குப் பின்னால் சிரித்துக்கொண்டிருந்தார். குழந்தைகளைக் கூட்டிப் போகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்: பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைக்காதீர்கள்.

ஏரிக்கு ஆட்டோவில் கால் மணி நேரம். எந்த ஏரி என்று எழுதவில்லை. கோட்டையிலிருந்து மலைப்பக்கம் போகிற சாலைகளில் இப்படி நான்கைந்து இருக்கின்றன, எதற்குப் போனாலும் சரி. நாங்கள் போனதில் மழைத் தண்ணீர் பாதி நிறைந்திருந்தது. கரைமேல் வரிசையாகக் கருவேலமரங்கள். ஒன்று தண்ணீர்ப் பக்கம் நன்றாகச் சாய்ந்து, அதன் கிளைகள் முழுக்கத் தூக்கணாங்குருவிக் கூடுகள். சிலது காய்ந்து பழுப்பாக, சிலது இன்னும் பச்சை நிறத்தில், குழாய் வைத்த சுரைக்குடுக்கை மாதிரி. கரை உயரமாக இருப்பதால் ஓரத்துக் கிளை ஒன்று கிட்டத்தட்ட நம் தலை உயரத்துக்கு வருகிறது. சத்தம் என்றால் அப்படி ஒரு சத்தம்.

ஆட்டோ போனதும் கெசியா நைனாவின் குடையை எடுத்துக்கொண்டு, ஒதுங்கிவிட்டு வருகிறேன் என்று மரங்களுக்குப் பின்னால் போனாள். (கழிப்பறை கோட்டையில்தான் இருக்கிறது. அங்கேயே போய்விட்டு வரச் சொல்லுங்கள்.) நான் அதற்குள் மற்ற இருவருக்கும் இடம் பார்த்தேன். ஜோயலைக் கரையின் படிக்கல்லில், பிரிசில்லாவை இருபதடி தள்ளி ஒரு புங்கமரத்தடியில். திரும்பி வந்த கெசியாவைச் சாய்ந்த மரத்துக்கு எதிரே உட்காரவைத்தேன். அவள் வேறு இடம் கேட்டாள். அதுதான் நல்ல இடம், எல்லாக் கூடும் தெரியும் என்று சொல்லிவிட்டேன். அவளுடைய மஞ்சள் பை பின்னால் ஒரு கிளையில் தொங்கியது. சாப்பாட்டுப் பை என்று நினைத்தேன்.

இந்த முறை அரை மணி நேரம். பெயர் எழுத வேண்டாம், கண்ணுக்கு முன்னால் நடப்பதை மட்டும் எழுதுங்கள் என்றேன். நானும் எழுதினேன். மஞ்சள் தலை உள்ளவை ஆண்கள். நீளமான புல் கீற்றை அலகில் இழுத்துக்கொண்டு வந்தன. ஒன்றின் கீற்றை இன்னொன்று பிடுங்கியது. பாதி கட்டிய கூட்டில் தொங்கிக்கொண்டு ஒன்று இறக்கையை அடித்து அடித்துக் கூப்பிட்டது, பார்க்க வந்த பெண் குருவி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. வீடு பார்க்க வந்தவர்கள் மாதிரிதான். ஜோயல் ஒரு தடவை கொட்டாவி விட்டான். நைனா துண்டை முகத்தில் போட்டுப் படுத்துவிட்டார்.

கெசியா எழுதவில்லை. பென்சிலைப் பிடித்தபடி ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து என்னிடம் வந்தாள். பாதியில் எழக் கூடாது என்று சைகை காட்டினேன். அவள் கேட்கவில்லை.

"அக்கா, கூடே இல்லாத எடத்துக்கு அது எதுக்கு வருது?"

அவள் காட்டிய பக்கம் பார்த்தேன். ஓரத்துக் கிளையில் குச்சி ஒடிந்த ஒரு நுனி, புதிய முறிவு, உள்ளே வெள்ளையாக இருந்தது. ஒரு பெண் குருவி வந்தது. அந்த நுனிக்குக் கீழே, காற்றில், இறக்கையை அடித்துக்கொண்டு நின்றது. கூட்டின் வாய் இருந்திருக்க வேண்டிய இடம் அது. நுனியில் உட்கார்ந்தது, கீழே குனிந்து பார்த்தது, பறந்து போனது. நாங்கள் நின்ற நேரத்திலேயே மறுபடி வந்து அதே உயரத்தில் அதே மாதிரி நின்றது.

"எத்தினி வாட்டி வந்தது?" என்று கேட்டேன்.

"நான் குந்தினதுல இருந்து இதே வேலைதான்" என்றாள். போய் மஞ்சள் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். உள்ளே கூடு இருந்தது, குச்சியோடு, நிமிர்ந்தபடி. குடையின் வளைந்த பிடியால் கிளையை இழுத்து ஒடித்திருக்கிறாள்.

"நாளைக்கு மேசையில வெக்கலாம்னு. இதை யாரும் கேக்காம இருக்க மாட்டாங்கன்னு." கூட்டைப் பார்த்தபடி, "காலிக் கூடுன்னு நெனச்சேன்கா. தூக்கும்போது உள்ள இன்னாவோ உருண்டது. அப்பவே தெரியும்" என்றாள்.

நைனாவை எழுப்பினேன். அவர் கூட்டை ஆடாமல் பிடித்துக்கொள்ள, நான் குழாய் வழியாக இரண்டு விரலை விட்டுப் பார்த்தேன். வழுவழுப்பாக, வெதுவெதுப்பாக விரல் நுனியில் பட்டது. ஒன்றுக்கு மேல் இருந்தன. உடைந்த ஈரம் எதுவும் இல்லை. உடனே கையை எடுத்துவிட்டேன். பிரிசில்லாவும் ஜோயலும் வந்து நின்றார்கள். பிரிசில்லா வாயைத் திறந்தாள். நைனா அவளைப் பார்த்தார். அவள் மூடிக்கொண்டாள்.

ஆண் குருவிதான் கூடு கட்டும், முட்டையின் மேல் உட்காருவது பெண் குருவி மட்டும்தான் என்று படித்திருக்கிறேன். எனவே வேறு யாரும் அந்த முட்டைகளைப் பார்த்துக்கொள்ளப் போவதில்லை. எடுத்த கூட்டைத் திரும்ப வைத்தால் குருவி ஏற்றுக்கொள்ளுமா என்று அந்தப் புத்தகத்தில் இல்லை.

நைனா குடைப்பிடியால் கிளையை இழுத்துப் பிடித்தார். முள் அவர் முழங்கையைக் கிழித்தது. பிரிசில்லா தன் பின்னலில் இருந்து சிவப்பு ரிப்பனை அவிழ்த்துக் கொடுத்தாள். ஒடிந்த நுனியோடு குச்சியைச் சேர்த்துச் சுற்றிக் கட்டினேன். விலகி வந்து உட்கார்ந்தோம். ரிப்பனின் வால் காற்றில் படபடத்தது. அந்தக் கிளைக்கே ஒரு குருவியும் வரவில்லை. பக்கத்துக் கூடுகளில் இருந்தவையும் மேல் கிளைக்குப் போய்விட்டன. எங்கள் குருவி தூரத்தில் ஒரு நாணல்மேல் இருந்து பார்த்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் ஜோயல், "அந்தத் துணிதான் பயமா கீது அதுக்கு" என்றான். மறுபடி கிளையை இழுத்தோம். சாப்பாட்டுப் பொட்டலம் கட்டியிருந்த வெள்ளை நூலை இரட்டையாக்கி, இறுக்கிக் கட்டி, மிச்சத்தைப் பல்லால் கடித்து எடுத்தேன். ரிப்பனை அவிழ்த்தோம். இந்த முறை கரையின் மறுபக்கச் சரிவில் போய், தலை மட்டும் தெரிய உட்கார்ந்தோம்.

அதற்குள் மணி இரண்டரை தாண்டிவிட்டது. நைனாவின் போன் அடித்தது. சபையிலிருந்து. கரும்பு வந்து இறங்கிவிட்டதாம். "வந்துகினே கீறோம்ணே" என்றார், புல்லில் குப்புறப் படுத்தபடி. போனை வைத்துவிட்டு, கிளம்பலாமா என்று என்னைக் கேட்டார். நான் கெசியாவைப் பார்த்தேன்.

"நான் வரலை மாமா. நீங்க போங்க" என்றாள்.

"உன்னை இங்க விட்டுட்டு உங்கம்மாக்கு இன்னா பதில் சொல்றது?"

"குருவி பாத்துகினு கீறான்னு சொல்லுங்க."

நைனா சிரிக்கவில்லை. போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டார். சோற்றைப் பிரிக்கச் சொன்னார். எலுமிச்சைச் சோறும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டோம். கெசியா தொடவில்லை.

குருவி முதலில் மேல் கிளைக்கு வந்தது. பிறகு கட்டிய நுனிக்கு. நூலை அலகால் இழுத்துப் பார்த்தது. கூட்டின் முதுகில் இறங்கி, பக்கவாட்டில் தொத்தி, குழாயின் வாய்க்கு வந்து தலைகீழாகத் தொங்கியது, பறந்துவிட்டது. இரண்டாவது தடவையும் அப்படியே. ஜோயல் என் கையைப் பிடித்துக்கொண்டான். மூன்றாவது தடவை அது நேராகக் கீழே வந்து, நிற்காமல், குழாய்க்குள் ஏறிப் போனது. கூடு ஒரு முறை ஆடியது. நாங்கள் வெளியே வரும் என்று காத்திருந்தோம். வரவில்லை. கூடு ஆடுவதும் நின்றது.

"உள்ள குந்திகிச்சு" என்றாள் கெசியா, மிக மெதுவாக. நைனா இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கையை ஊன்றி எழுந்து, ஆட்டோக்காரருக்குப் போன் செய்தார்.

திரும்பும்போது பஸ். சந்திரகிரியில் திருப்பதி–சித்தூர் பஸ்கள் நிற்கும். பெண்களுக்கு இலவசம், ஆதார் அட்டை காட்ட வேண்டும், மூன்று பேருக்கும் மூன்று பூஜ்ய டிக்கெட் கொடுத்தார்கள். ஜோயலுக்கு அரை டிக்கெட் வாங்க வேண்டியிருந்தது. "நாங்க மூணு பேரும் சும்மா, நீதான்டா காசு" என்று பிரிசில்லா பாகாலா வரும்வரை அவனை விடவில்லை. கெசியாவை மட்டும் அவள் அன்று ஒன்றும் சொல்லவில்லை. சித்தூர் வந்தபோது ஆறே கால். நைனா பஸ் ஸ்டாண்டிலிருந்து நேராக ஆலயத்துக்கு ஓடினார். அங்கே அவருக்கு என்ன கிடைத்தது என்பதை அவர் எனக்குச் சொல்லவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ஜூனிலிருந்து அக்டோபர் வரை இந்தக் குருவிகள் கூடு கட்டும், மழை தொடங்கிவிட்டால் கரை வழுக்கும். தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், ஏரிக்கரையில் கடை இல்லை. அடர்ந்த நிறச் சட்டை வேண்டாம் என்பார்கள், எங்களுக்கு அதில் வித்தியாசம் தெரியவில்லை, அசைகிற துணிதான் பிரச்சினை. ஐந்து பேருக்கும் சாப்பாட்டைச் சேர்த்தால்கூட அறுநூற்றைம்பதைத் தாண்டவில்லை. பத்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அரை மணி நேரம் என்பது அதிகம் என்று நினைத்துப் போனேன். அதிகம் இல்லை. அவர்களுக்கு முன்னால் ஒரே ஒரு விஷயம் நடந்துகொண்டிருந்தால் போதும், இரண்டு மணி நேரம்கூடச் சோற்றைத் தொடாமல் இருப்பார்கள். தரையில் கிடக்கிற இறகு, காய், சருகு எடுக்கலாம். மரத்தில் இருப்பது எதுவும் பைக்குள் போகக் கூடாது என்று ஆட்டோவில் ஏறும்போதே சொல்லிவிடுங்கள். குடையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

முட்டை பொரிந்ததா என்று எனக்குத் தெரியாது. மறுபடி இன்னும் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மேசை நிறைந்திருந்தது. பிரிசில்லாவின் வாழைத்தாரை இரண்டு பேர் பிடித்து வந்தார்கள். ஜோயல் முருங்கைக்காய்க் கட்டை வாளைப் போலத் தோளில் வைத்துக்கொண்டு போனான். கெசியாவின் பேரைக் கூப்பிட்டார்கள். அவள் பெஞ்சிலேயே இருந்துவிடுவாள் என்று நினைத்தேன். எழுந்து, நடைபாதை முழுவதும் வெறும் கையோடு நடந்து, போதகர் முன்னால் போய் நின்றாள். வாங்கிக்கொள்ள அவர் இரண்டு கைகளையும் நீட்டியபடி இருந்தார். பிறகு குனிந்து, என்னம்மா கொண்டுவந்தே என்று கேட்டார். ஒலிபெருக்கி பக்கத்தில் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"நான் குடுத்தது ஏரியிலயே கீதுங்கய்யா" என்றாள் கெசியா. "அது மேல குருவி குந்திகினு கீது."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். போதகர் நீட்டிய கைகளைக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு எல்லாப் பிள்ளைகளுக்கும் செய்ததைப் போலவே அவள் தலையிலும் வைத்து ஜெபித்துவிட்டு, அடுத்த பேரைக் கூப்பிட்டார்.